யோமோகிக்கு ஒரு தொட்டி மணல்

தகாவோகா
பிப்ரவரி 9

தோமோயேவுக்கு,

கூரைப் பனி இன்னும் இறங்கவில்லை. தெற்கே நீ இருக்கும் இபுசுகியில் இப்போதே கடுகுப்பூ பூத்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

விவாகரத்துத் தாள் நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நான் உனக்கு மாமியார் இல்லை, நீ எனக்கு மருமகளும் இல்லை. ஆகவே இதை உறவுக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. ஜனவரி நான்காம் தேதி ஒற்றைப் பையோடு பனியில் இறங்கிப் போனாயே, அன்று நீ விட்டுப்போன பச்சோந்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது கறுத்துக்கொண்டே வருகிறது. கண் குழிக்குள் போய்விட்டது. நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. உன் வலைக்கூண்டில் குளிர் புகுந்ததால் அதைக் கொட்டகையில் போட்டுவிட்டு, பச்சோந்தியைப் பழைய மீன்தொட்டிக்கு மாற்றினேன். தொட்டியைக் கொதாத்ஸு மேசைக்கு அடியில், போர்வைக்குள்ளே, மின்சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த வீட்டில் எனக்கே கிடைக்கிற கதகதப்பான இடம் அது ஒன்றுதான். கிண்ணத்தில் தண்ணீர், கொஞ்சம் சோறு, பொடித்த கருவாடு. எதிலும் வாய் வைக்கவில்லை.

நகோயாவுக்கு போன் போட்டு உன் முன்னாள் புருஷனைக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், அவகிட்டயே கேளு" என்றான். என் மகன் வேறென்ன சொல்லுவான்? தெருமுனை நாய் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

நீயோ தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாய். விவாகரத்துத் தாளில் இருந்த விலாசம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. இது செத்தால் கிழவிதான் கொன்றாள் என்று ஊரெல்லாம் சொல்லுவாய். அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இசோகோ


இபுசுகி
பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய இசோகோ அம்மையாருக்கு,

யோமோகியை உடனே மேசைக்கு அடியிலிருந்து எடுங்கள். அவள் மரத்தில் வாழ்கிறவள். இருட்டிலும் வறண்ட சூட்டிலும் அவளைக் கருவாடாக்கிக்கொண்டு, பக்கத்தில் கருவாட்டையும் வைத்திருக்கிறீர்கள்.

வலைக்கூண்டைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கழுவுங்கள். நாலு பக்கமும் காற்று போக வேண்டும். கண்ணாடியில் அவள் தன் உருவத்தையே எதிரியாகப் பார்த்துப் பயந்து கறுத்துப்போகிறாள். கிண்ணத்துத் தண்ணீர் அவளுக்குத் தண்ணீராகவே தெரியாது. இலைமேல் விழும் துளியைத்தான் நக்குவாள். காலையும் மாலையும் செடியின் மேல் ஐந்து நிமிடம் தெளியுங்கள். எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக இருக்கும், பாருங்கள். தாகம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

என் அறை அலமாரியின் மேல்தட்டில் இரண்டு விளக்கு இருக்கிறது. ஒன்று சூட்டுக்கு. நீளமாக இருப்பது சூரியனுக்குப் பதில், எலும்புக்கு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் ஒரு பயனும் இல்லை. சாப்பாட்டுக்கு உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள் வேண்டும். ரயிலடிப் பக்கத்துத் தூண்டில் கடையில் கிடைக்கும். கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள்.

கூண்டு மனிதர் தலைக்கு மேலே இருக்க வேண்டும். தன்னை மேலிருந்து பார்க்கிறவர்களின் எதிரில் பச்சோந்திக்குச் சோறு இறங்காது. எப்படி இறங்கும்? ஆறு வருஷம் எனக்கு இறங்கவில்லையே. அந்த வீட்டில் உயரமான, தெற்கு பார்த்த இடம் முன்னோர் மாடம் இருக்கும் அறைதான். மாமனார் படத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்து வையுங்கள்.

இன்னொன்று. தினமும் தண்ணீர் தெளிக்கும் முன் கூண்டுக்கு எதிரில் மூன்று முறை இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். இதில் தவறினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? விடுதிக்கு வருகிறவர்களைக் கடற்கரையில் படுக்க வைத்து, சூட்டு மணலைப் போட்டுக் கழுத்து வரை புதைப்பது. மண்வெட்டி கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது. யாராவது உங்கள் ஜாடையில் வந்தால் இரண்டு வெட்டு கூடுதலாகப் போடுகிறேன்.

ஒரே அறையில் ஆறு பெண்கள் தங்கியிருக்கிறோம். கோடையில் தனி அறை கிடைக்கும். கிடைத்ததும் யோமோகியை அழைத்துப்போக வருவேன். அதுவரை அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

தோமோயே


தகாவோகா
பிப்ரவரி 24

தோமோயேவுக்கு,

வாசலில் பனி அள்ளி அள்ளி விரல் மரத்துப்போகிற காலம். உன் கைகள் கொப்புளம் போடாமல் இருக்கின்றனவா?

உன் கடிதத்தைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் பருவம், பிறகு எதிராளியின் உடல்நலம், அதன் பிறகுதான் விஷயம். இதை ஆறு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். மண்வெட்டிதான் படிந்திருக்கிறது, இது படியவில்லை.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். தச்சன் வந்து பலகை அடித்தான். "தாத்தா படத்துக்குப் பக்கத்துலயா, பாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டான். உன் பச்சோந்தி இப்போது என் புருஷனுக்கு வலப்பக்கம், அவருடைய அப்பாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. மாதாந்தரப் பூஜைக்கு வந்த குருக்கள் மந்திரம் சொல்லும்போது, ஒரு கண்ணால் அவரையும் இன்னொரு கண்ணால் என்னையும் பார்த்தது. குருக்கள் பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான்கு சுவர்க்கோழிகள் தப்பித்து மாடத்துக்குப் பின்னால் போய்விட்டன. பிப்ரவரியில் என் வீட்டில் இலையுதிர்காலம்போல் ரீங்காரம்.

எச்சம் ஆரஞ்சாகத்தான் இருந்தது. தண்ணீர் குடிக்கிறது. நிறம் மட்டும் திரும்பவில்லை. கிளையைப் பிடிக்கும்போது முன்னங்கால் நடுங்குகிறது.

வணங்குகிறேன். முழங்கால் உயிரை வாங்குகிறது.

இசோகோ


இபுசுகி
மார்ச் 5

மதிப்பிற்குரிய இசோகோ அம்மையாருக்கு,

சிவப்புப் பென்சிலுக்கு நன்றி. குளியலறை அடுப்பில் நன்றாக எரிந்தது.

கால் நடுங்குவது எலும்பு இளகியதால். நீள விளக்கை மாற்றுங்கள், அது ஏழு மாதப் பழசு. கண்ணுக்கு எரிவதுபோல்தான் தெரியும், உள்ளே சத்து தீர்ந்திருக்கும். உங்கள் மகனோடு வாழ்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அறையில் ஊதுபத்தி கூடாது. புகை அவள் நுரையீரலைக் கெடுக்கும். மாமனாருக்கு நீங்கள் தினம் இரண்டு வேளை ஏற்றுவீர்கள் என்று தெரியும். அவருக்குப் புகையா, இவளுக்கு மூச்சா? முடிவு உங்களுடையது.

தோமோயே


தகாவோகா
ஏப்ரல் 2

தோமோயேவுக்கு,

பிளம் பூ கொட்டிவிட்டது, செர்ரி இன்னும் மொட்டு. காலையில் குளிர், மதியம் வேர்வை. இந்த மாதிரிக் காலத்தில்தான் சளி பிடிக்கும், கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

நிறம் திரும்பிவிட்டது. நேற்றுக் காலை விளக்குக்குக் கீழே இளம்பச்சையாக, மஞ்சள் கோடு தெளிவாக உட்கார்ந்திருந்தது. ஏழு சுவர்க்கோழி தின்றது. நாக்கு நீள்வதை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். உன் அறையில் இரண்டு வருஷம் இருந்தும் நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்து நீ என்ன செய்கிறாய் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஊதுபத்தியைத் தோட்டத்தில் கல்விளக்கின் பக்கத்தில் ஏற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "ஐயாவ வீட்ட விட்டுத் துரத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, புதுசா ஒருத்தி வந்துட்டா" என்றேன்.

நன்றி சொல்வதற்காக எழுதவில்லை. தகவல் சொல்ல வேண்டியது முறை.

இசோகோ


தகாவோகா
மே 27

தோமோயேவுக்கு,

வயலில் நாற்று நட்டாகிவிட்டது. ஏப்ரலில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா, மனம் சரியில்லையா?

யோமோகி ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. கிளையில் நிற்காமல் கூண்டின் அடித்தளத்துக்கு இறங்கி, மூலைக்கு மூலை நடக்கிறது. வெறும் தகட்டை முன்னங்காலால் பறண்டுகிறது. நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறது. உடம்பு கரும்பச்சை, ஊடே நீலப் புள்ளிகள். தண்ணீர் மட்டும் குடிக்கிறது. விளக்கு புதுசு, கால்சியம் தவறவில்லை, புகை இல்லை. வணக்கத்திலும் ஒருநாள் தவறவில்லை. எதில் பிழை என்று எனக்குப் புரியவில்லை.

தயவுசெய்து விரைவுத் தபாலில் எழுது. இந்தச் சொல்லை நான் உனக்கு எழுதுவது முதல் தடவை. எனக்கும் தெரிகிறது.

இசோகோ


இபுசுகி
மே 30

மதிப்பிற்குரிய இசோகோ அம்மையாருக்கு,

யோமோகிக்கு என்ன என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் நீங்களே செய்து முடிக்கக்கூடிய வைத்தியம். செய்யாவிட்டால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

எழுத மாட்டேன்.

புத்தாண்டு தினத்தன்று சொன்னீர்களே. உறவுக்காரர்கள் பதினொரு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் சூப் தட்டோடு நின்றேன். அன்று சொன்னதை உங்கள் கையால், உங்கள் எழுத்துத் தூரிகையால், ஒரு சொல் குறையாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். அது வந்த பிறகு வைத்தியத்தை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதும் உங்கள் மகன் கென்சாகு சிரித்தான். பதினொரு பேரும் சிரித்தார்கள். கையில் தட்டு இருந்ததால் என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சிரித்தேன். உங்களையாவது ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து மாதமாக மணலை அள்ளிப்போட்டு அதைத்தான் புதைக்கிறேன். மறுநாள் காலை திரும்ப மேலே வந்துவிடுகிறது.

தோமோயே


தகாவோகா
ஜூன் 2, காலை

தோமோயேவுக்கு,

மேகம் தாழ்ந்திருக்கிறது. உன் உடல்நலத்தை விசாரிக்க எனக்கு இன்று தகுதி இல்லை, ஆகவே விசாரிக்கவில்லை.

நீ கேட்டது:

"தோட்டத்துப் பல்லிகூட வருஷம் தவறாம முட்ட போடுது. எங்க வீட்டுக்கு வந்தது ஆறு வருஷமா தின்னுட்டு மட்டும் இருக்கு."

ஒரு சொல் குறையவில்லை. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. இது நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. கென்சாகு பிறக்கும் முன் எட்டு வருஷம் நானும் அதே மேசையில் தட்டோடு நின்றேன். என் மாமியார் இதே வார்த்தையைச் சொன்னாள். நாற்பத்தொரு வருஷம் கெடாமல் பத்திரமாக வைத்திருந்து உன்னிடம் கொடுத்தேன். அவளிடம் காட்ட வேண்டிய ஆத்திரத்தை உன்னிடம் காட்டினேன். இது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ உனக்கு மட்டும் எழுதக் கேட்டாய். பதினொரு பேர் முன்னால் சொன்னதைப் பதினொரு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதுதான் முறை. ஆகவே இதையே பதினொரு பிரதி எழுதி, "இப்படிச் சொன்னது என் இழிவு. நீங்கள் சிரித்தது உங்கள் இழிவு" என்று கீழே சேர்த்து, இந்தக் கடிதத்தோடு தபாலில் போடப் போகிறேன்.

இப்போது சொல். காலையிலிருந்து யோமோகி பறண்டவில்லை. ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இசோகோ


தந்தி
இபுசுகியிலிருந்து தகாவோகாவுக்கு
ஜூன் 2, பிற்பகல்

வயிற்றில் முட்டை. ஆண் துணை இல்லாமலே வரும். ஆழமான தொட்டியில் ஈர மணல் ஒன்றரைச் சாண் நிரப்பிக் கூண்டுக்குள் வைக்கவும். சுற்றிலும் துணி கட்டவும். யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் சாவாள். எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். சீக்கிரம். தோமோயே


தகாவோகா
ஜூன் 10

தோமோயேவுக்கு,

ஹைட்ராஞ்சியாப் பூ நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா?

இரண்டாம் தேதி காலைத் தபாலிலேயே என் கடிதங்கள் போய்விட்டன. மூன்று மணிக்கு உன் தந்தி வந்தது. வாசலில் நின்றே படித்தேன். தந்திக்காரர், "பாட்டி, கெட்ட சேதியா?" என்று கேட்டார். "மணல் எங்க கிடைக்கும்?" என்றேன்.

இரண்டு வாளியோடு ரயில் ஏறி அமஹராஷி கடற்கரைக்குப் போனேன். மணலை ஏழு தண்ணீர் விட்டு உப்புப் போக அலசினேன். முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டிதான் சரியான ஆழம். இந்த வருஷத்து ஊறுகாயைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கொதிநீரில் மூன்று தடவை கழுவினேன். சுற்றிலும் என் கல்யாணக் கிமோனோவின் உறையைக் கட்டினேன். அறைக் கதவைச் சாத்தி வெளியே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் சத்தமே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மணல் சரியும் சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து பார்க்க வேண்டும்போல் கை அரித்தது. ஆறு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அப்போது பார்த்து கென்சாகு வந்தான். அவன் பெரியப்பா வீட்டுக்குப் போன கடிதத்தைப் பற்றிக் கத்திக்கொண்டே நேராக அந்தக் கதவில் கை வைத்தான். விசிறிக் காம்பால் விரலில் ஒன்று போட்டேன்.

"உள்ள ஒரு பொம்பள இருக்கா. கதவுல கைய வைக்காத."

"பல்லிம்மா அது!"

"பல்லியோ யாரோ. கேக்காம தொறக்கிற வேல இனிமே இந்த வீட்டுல கிடையாது."

முப்பத்தேழு வயசு மகன் விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். இதை உனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை யோமோகி கிளையில் இருந்தாள். வயிறு ஒட்டிப்போய், முகமெல்லாம் மணல். மணலை அவளே திரும்ப மூடி மிதித்து வைத்திருந்தாள். தோண்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று, வெள்ளையாக, விரல்நுனி அளவு. ஒன்றிலும் உயிர் இல்லை என்று தெரிந்தும் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. பேரிக்காய் மரத்தடியில் புதைத்தேன். நேற்று மூன்று சுவர்க்கோழி தின்றாள்.

பதினொரு பேரில் நான்கு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். ஹிமியில் இருக்கும் என் தங்கை, எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிறாள். பெரியப்பா, தான் சிரிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். சிரித்தார். பல் செட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

கடைசியாக ஒன்று. மூன்று முறை வணங்கும் விஷயத்தை நாய் டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழும்வரை சிரித்தார். அப்படி ஒரு வைத்தியம் உலகத்திலேயே கிடையாதாம். இது பிப்ரவரியில், நான் வணங்கத் தொடங்கிய மூன்றாம் நாள். அதன் பிறகும் ஒருநாள் விடாமல் வணங்கியிருக்கிறேன். இன்று காலையும்.

இசோகோ


இபுசுகி
ஜூன் 21

அத்தைக்கு,

இங்கே மழை விடாமல் பெய்கிறது, கடற்கரை முழுக்க ஆவி. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருக்காது.

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் ஜூன் நாலாம் தேதி கைக்கு வந்தது. போனில் உங்கள் குரலைக் கேட்க மனமில்லாமல் தந்தி கொடுத்துவிட்டு, தோற்றுப்போனோமே என்று இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டி, உங்களை நினைக்கும்போதெல்லாம் படித்துப் பல்லைக் கடிக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். நீங்கள் பதினொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். என்னிடம் இருந்த ஒரே கத்தியையும் பிடுங்கி ஊர் முழுக்கப் பங்கு வைத்துவிட்டீர்கள். கடைசிவரை உங்கள் முறைதான் ஜெயிக்க வேண்டும், இல்லையா?

வணங்கச் சொன்னது என் கைச்சரக்குதான். நீங்கள் குனிவதை நினைத்து தினமும் காலையில் இங்கே சிரித்துக்கொண்டே மண்வெட்டி எடுப்பேன். தெரிந்தே குனிந்தீர்கள் என்று படித்ததிலிருந்து அந்தச் சிரிப்பு வரவில்லை. அதற்கும் உங்கள் மேல் கோபமாக இருக்கிறது.

மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

அறை கிடைத்துவிட்டது, தெற்கு ஜன்னலோடு. ஜூலை ஐந்தாம் தேதி மத்தியானம் யோமோகியை அழைத்துப்போக வருகிறேன். சுலபத்தில் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். சண்டை போட நேரம் வேண்டும் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். வாசலில் நின்று குரல் கொடுக்க மாட்டேன். ஆறு வருஷம் நீங்கள் என் அறைக்குள் எப்படி வந்தீர்களோ, அப்படியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவேன்.

அவள் என்னோடு வந்த பிறகு காலையில் நீங்கள் தண்ணீர் தெளிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள்தான் இங்கே வர வேண்டும், பனிக்காலத்துக்கு முன்னால். வந்தால் வேறு யார் கையிலும் விட மாட்டேன். உங்களை என் கையாலேயே புதைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கழுத்து வரைதான். சூட்டு மணல் முழங்காலுக்கு நல்லது.

தோமோயே